கோத்தகிரியில் இரண்டு ராத்திரி, மூன்று படம், நான்கு கன்ட்ரோலர்

நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரி. பிழைப்பு கோயம்புத்தூர். கல்லூரிக் கூட்டாளிகள் ஆறு பேர் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு மதியம் வரை படமும் கேமுமாகக் கிடப்போம். "டிவி பாக்கறதுக்கு எதுக்குடா இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுட்டு வர்றீங்க?" என்று அம்மா தவறாமல் கேட்பார். கேள்வி நியாயம்தான். ஆனால் மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, ஆறு பேரும் கம்பளிக்குள் காலை நுழைத்துக்கொண்டு ஒரு படத்தைப் பார்க்கிற சுகம் பீளமேட்டு ஃபிளாட்டில் வராது.

முதல் வருடம் சொதப்பினோம். வாடகைக் கடையில் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல் எடுத்தோம். கடையில் போட்டுக் காட்டும்போது எல்லாம் ஓடியது. மேலே வந்து, தேயிலைத் தோட்டத்து ஓரத்து வீட்டில் மாட்டினால் ஒவ்வொரு கேம் படத்தின் மூலையிலும் குட்டிப் பூட்டு. கேம்கள் கடைக்காரரின் கணக்கில் இருந்தன. உரிமையைச் சரிபார்க்க நெட் வேண்டும். அந்த வீட்டிலோ போனைத் தூக்கிக்கொண்டு வாசல் படியில் நின்றால்தான் ஒரு புள்ளி சிக்னல். அன்று ராத்திரி ஆறு பேரும் சீட்டுக்கட்டை எடுத்துக் கழுதை ஆடினோம்.

அன்றைக்கு வந்த சட்டம் இது: மேட்டுப்பாளையம் தாண்டும் முன்னால் எல்லாம் ஒருமுறை ஓடிக் காட்ட வேண்டும். "மேல போய்ப் பாத்துக்கலாம் மாப்ள" என்று சொல்கிறவன் அந்த ராத்திரி பாத்திரம் கழுவ வேண்டும்.

எப்போது போவது

ஏப்ரல், மே வேண்டாம். சீசன் கூட்டம், வாடகையும் இரட்டிப்பு. எங்களுக்குப் பிடித்தது ஜூலை, ஆகஸ்ட். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் வெளுத்து வாங்கும்போது, தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே மறைவில் இருக்கிற கோத்தகிரிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தூறலும் மஞ்சும்தான். வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்க்க இதைவிட என்ன வேண்டும்? எங்கள் பக்கத்தின் பெருமழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தோடு வரும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்ததைப் பார்த்தவர்கள் அந்த மாதங்களில் மலைப்பாதைப் பயணத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காரில் வந்தால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த ஏற்பாடு. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், தேதி முடிவான அன்றே எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பதிவான எங்கள் டிஎன்-43 வண்டிகளுக்கு அது தேவையில்லை. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் தண்ணீர் பாட்டிலைக் கண்டால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஸ்டீல் பாட்டிலோடு வாருங்கள்.

மைசூர் வழியாக வரும் நண்பர் இருந்தால் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பந்திப்பூர் காட்டுப்பாதை ராத்திரி 9 மணி முதல் காலை 6 வரை மூடியிருக்கும். எங்களில் ஒருவன் ஒன்பதரைக்கு கேட்டில் நின்றுகொண்டு, "படத்தை நிறுத்தி வைங்கடா" என்று போன் பண்ணினான்.

வீட்டுக்காரரிடம் என்ன கேட்பது

வலைத்தளத்தில் போடுகிற போட்டோவில் பள்ளத்தாக்கும் ரோஜாச் செடியும் இருக்கும். நமக்கு வேண்டியது டிவியின் முதுகு. "அண்ணா, டிவிக்குப் பின்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். விசித்திரமாகத்தான் பார்ப்பார். அனுப்பட்டும். சுவரோடு ஒட்டி அறைந்த டிவியில் எச்டிஎம்ஐ துளை பின்பக்கம் நேராக இருந்தால் கேபிளை நுழைக்க இடமே இருக்காது. பக்கவாட்டில் இருந்தால் நிம்மதி. எப்படியிருந்தாலும் எல் வடிவில் மடங்குகிற சின்ன எச்டிஎம்ஐ இணைப்பான் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நூறு இருநூறு ரூபாய்க்கு உக்கடத்திலும் கிடைக்கும், காந்திபுரத்திலும் கிடைக்கும்.

அடுத்த கேள்வி இன்வெர்ட்டர். "இருக்கு தம்பி" என்ற பதில் போதாது. எந்த ப்ளக் பாயின்ட்டுக்கு அதிலிருந்து லைன் வருகிறது என்று கேட்க வேண்டும். பல வீடுகளில் லைட்டுக்கு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். மழைக் காலத்தில் மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் கரன்ட் வர எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கு இப்படி: 150 ஆம்பியர்-மணி பேட்டரி, 12 வோல்ட், ஆகப் பெருக்கினால் 1,800 வாட்-மணி. இழப்பு போக 1,200 கைக்கு வரும் என்று வையுங்கள். 43 இன்ச் டிவி சுமார் 100 வாட், பிளேஸ்டேஷன் 5 பெரிய கேமில் 200 வாட். காகிதத்தில் நாலு மணி நேரம். பேட்டரி பழசென்றால் இரண்டு. கன்சோலை விட்டுவிட்டு லேப்டாப்பில் படம் மட்டும் ஓட்டினால் ராத்திரி முழுக்கத் தாங்கும். இந்தக் கணக்கையெல்லாம் ஒரே நொடியில் கெடுக்கிறவன் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பான், சுடுதண்ணிக்குக் கெட்டிலைச் சொருகுவான். கெட்டில் 1,500 வாட். இன்வெர்ட்டர் கூவிவிட்டு அணையும்.

கரன்ட் போனால் மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் சொல்லலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஸ்பைக் கார்டு ஒன்று கையோடு வையுங்கள். கரன்ட் வந்து போகிற நேரத்தில் கன்சோல் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது.

பக்கத்து வீடு எவ்வளவு தூரம் என்பதையும் கேளுங்கள். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டத்திலேயே தடை. அதோடு மலையில் ராத்திரிச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க உருளும். நாங்கள் போட்ட கோல் கூச்சலைப் பற்றிக் கீழ்த் தோட்டத்து வாட்ச்மேன் காலையில் ஸ்கோரோடு விசாரித்தார்.

படங்களை இறக்குவது

மூன்று படம் போதும். ஆறு பேரும் ஆளுக்கு மூன்று பெயர் கொண்டுவந்து பதினெட்டு படம் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, எதைப் பார்ப்பது என்று ஒரு மணி நேரம் மென்று, கடைசியில் ஏற்கெனவே பார்த்ததையே போட்ட வருடம் ஒன்று உண்டு. இப்போது வாரம் முன்னாலேயே குழுவில் பட்டியல் போடுகிறோம். ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒரு "வேண்டாம்" ஓட்டு. வேண்டாம் விழுந்த படம் பேச்சே இல்லாமல் போய்விடும். இரண்டாவதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

ஓடிடி செயலியில் தரவிறக்கம் செய்வதில் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, போனில் இறக்கிய படம் எல்லாம் டிவிக்குப் போகாது. யுஎஸ்பி-சி துளை இருக்கிற போன் எல்லாம் அதன் வழியே படத்தை வெளியே அனுப்பாது. அனுப்பினாலும் சில செயலிகள் சத்தத்தை மட்டும் விட்டுப் படத்தைக் கறுப்பாக்கும். இரண்டு, நெட்பிளிக்ஸின் விண்டோஸ் செயலியில் 2024-க்குப் பிறகு தரவிறக்க வசதியே கிடையாது. லேப்டாப்பை நம்பிப் போகிறவர் எந்தச் செயலி இறக்க விடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மூன்று, சில படங்கள் ஓட்ட ஆரம்பித்த 48 மணி நேரத்தில் காலாவதியாகும். கோவையில் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அங்கேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஆகச் சோதனையை வெள்ளிக்கிழமை காலை செய்யுங்கள், புதன்கிழமை வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் வீட்டு வைஃபையில் ஓடுவதைப் பார்த்து ஏமாறுவீர்கள்.

அலமாரியில் பழைய டிவிடி இருந்தால் அதையும் ஒரு பிளேயரையும் தூக்கி வாருங்கள். நெட் கேட்காது, பாஸ்வேர்டு கேட்காது.

சிக்னல் இருக்கிற வீடு கிடைத்து ஹாட்ஸ்பாட்டில் பார்க்கலாம் என்றால்: சாதாரணத் தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, எச்டி என்றால் 3 ஜிபி வரை. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் எச்டியில் ஏழு ஜிபியைத் தாண்டும். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டவர் இடைவேளை வரைகூடப் போக மாட்டார்.

எங்கள் மூன்றில் ஒன்று எப்போதும் மலையில் எடுத்த படம். 'மூன்றாம் பிறை' பார்த்துவிட்டு, மறுநாள் குன்னூர் போய் மலை ரயில் ஏறி, அந்தக் கடைசிக் காட்சி நடக்கிற கேத்தி ஸ்டேஷனில் இறங்கினோம். 1982-இல் வந்த படம். பிளாட்பாரத்தில் நின்று யாரும் வாயைத் திறக்கவில்லை, எங்கள் கூட்டத்தில் அது அபூர்வம்.

புரொஜெக்டரா, டிவியா?

டிவி போதும் என்பது என் கட்சி. ஆனாலும் ஒருவன் புரொஜெக்டர் கொண்டு வந்தே தீருவான், அவனுக்காக: திரை அகலத்தை அந்தப் புரொஜெக்டரின் த்ரோ விகிதத்தால் பெருக்குங்கள், திரைக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் வேண்டிய தூரம் வரும். ஆறடித் திரை, விகிதம் 1.4 என்றால் எட்டரை அடி தள்ளி வைக்க வேண்டும். பழைய பங்களா ஹால் என்றால் பிரச்சினையில்லை, புது காட்டேஜ் அறையில் புரொஜெக்டர் பாத்ரூமுக்குள் போய்விடும். வெள்ளை வேட்டி திரையாகும், ஆனால் மடிப்பு இருந்தால் நாயகியின் முகத்தில் கோடு ஓடும். இஸ்திரி போட்டுச் சுருட்டி எடுத்து வாருங்கள், மடிக்காதீர்கள். கார் டிக்கியில் குளிர்ந்து கிடந்ததை ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் நீர் கோக்கும். அரை மணி நேரம் சும்மா வையுங்கள். துணியால் துடைத்தால் இழுசும்.

கேம் ஆடும்போது டிவி அமைப்பில் 'கேம் மோடு' என்று ஒன்று இருக்கும், அதைப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் குத்து விழுவதற்கும் நடுவில் ஒரு சோம்பல் தெரியும். புளூடூத் ஸ்பீக்கரிலும் அதே தாமதம். ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த கேம்?

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். கன்சோல் வைத்திருப்பவன் தனக்குப் பிடித்த பிரமாண்டமான ஒற்றை ஆள் கேமைப் போட்டு மூன்று மணி நேரம் ஆடுவான். மற்ற ஐந்து பேரும் போனைப் பார்ப்பார்கள்.

கன்ட்ரோலரைத் தொட்டிராதவருக்கு எது கஷ்டம் என்பதைக் கவனித்திருக்கிறேன். இடது குச்சியில் நடக்க வேண்டும், வலது குச்சியில் பார்வையைத் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் மலை. எங்கள் நண்பனின் மனைவி முதல் தடவை ஆடியபோது அவருடைய வீரன் கால் மணி நேரம் ஆகாயத்தைப் பார்த்தபடியே சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். "அண்ணா, இவன் நட்சத்திரம் எண்றானா?" என்று கேட்டார். ஆகவே பார்வையைத் திருப்பத் தேவையில்லாத கேமில் தொடங்குங்கள். யாரிடமாவது நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் இருந்தால் மரியோ கார்ட் 8 டீலக்ஸ். ஒரே திரையில் நாலு பேர், வண்டி தடத்தை விட்டு விழாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்மார்ட் ஸ்டீயரிங் வேறு. ஓவர்குக்ட் 2-வும் நாலு பேர், சமையலறையில் ஆளாளுக்குக் கத்த வேண்டிய கேம், கல்யாண வீட்டுப் பந்தி பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. கால்பந்துக்கு இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி வரிசை, முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்தது. அடிதடிச் சண்டைக்கு டெக்கன். டெக்கனில் ஒன்றும் தெரியாதவர் எல்லா பட்டனையும் கண்மூடி அழுத்தித் தெரிந்தவரைத் தோற்கடிப்பார், ராத்திரிக்கு அது நல்லது.

இட் டேக்ஸ் டூ அருமையான கேம்தான், ஆனால் இரண்டே பேர், முடிக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல். ஆறு பேர் கூடிய இடத்தில் அதை ஆரம்பிக்காதீர்கள்.

"தோத்தவன் எந்திரி" என்ற வழக்கமான சட்டத்தை மாற்றுங்கள். அதில் கைதேர்ந்தவன் விடிய விடிய உட்கார்ந்திருப்பான், புதியவர் ராத்திரி முழுக்க ஐந்து நிமிடம் ஆடியிருப்பார். எங்களிடம் இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்தவன் எழுந்து டீ போட வேண்டும். நல்ல ஆட்டக்காரன் நல்ல டீயும் போடக் கற்றுக்கொண்டான்.

இனி அந்தப் பூட்டு விஷயம். பிளேஸ்டேஷன் 5-இல் 'கன்சோல் ஷேரிங், ஆஃப்லைன் பிளே' என்ற அமைப்பு இயங்குகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிறகு வைஃபையை அணைக்கச் சொல்லி, நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேமையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். லேப்டாப்பில் ஸ்டீம் என்ற கேம் செயலி என்றால் ஒவ்வொரு கேமையும் நெட் இருக்கும்போது ஒருமுறை ஓட்டிவிட்டு ஆஃப்லைன் மோடுக்குப் போக வேண்டும். டிஸ்க் கேமும் முதலில் கன்சோலில் பதிய வேண்டும், அப்டேட் பல ஜிபி கேட்கும். எல்லாம் கீழேயே.

வெள்ளிக்கிழமை ராத்திரி

வளைவுகளில் வாந்தி எடுத்தவர் ஒருவராவது இருப்பார். அவரை உட்காரவைத்து, சுடச்சுட இஞ்சி டீ கொடுங்கள். முதல் ராத்திரி துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடும் கேம் வேண்டாம். திரை சுழலச் சுழல வயிறு மறுபடி குஞ்சப்பனைக்குப் போய்விடும். லேசான சிரிப்புப் படம், பதினொரு மணிக்குத் தூக்கம்.

கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் கோவையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி உப்பியிருக்கும், கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வைத்தால் வேகாமல் பொறுமையைச் சோதிக்கும்.

தின்பண்டத்தில் ஒரு எச்சரிக்கை: வர்க்கி. டீயில் நனைத்துத் தின்ன எங்கள் ஊர்ப் பேக்கரி வர்க்கிக்கு ஈடு கிடையாது, ஆனால் அது அடுக்கடுக்காக உதிரும். உதிர்ந்த தூள் கன்ட்ரோலர் குச்சியின் அடியில் போய் உட்கார்ந்தால் உங்கள் கோல்கீப்பர் தானாகவே இடது பக்கம் நகர்ந்துகொண்டிருப்பார். வர்க்கி தின்னும் கை கன்ட்ரோலரைத் தொடக்கூடாது. மிச்சம் மீதியை ராத்திரி வாசலில் வைக்கவும் கூடாது. கோத்தகிரியில் கரடி எண்ணெய் வாசனைக்கும் பேக்கரி வாசனைக்கும் வீட்டு வாசல் வரை வரும், இது பயமுறுத்தச் சொல்வதல்ல. குப்பைப் பை உள்ளே, கதவு தாழ், ராத்திரி தம் அடிக்கத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் போவது கிடையாது.

குளிருக்கு இன்னொன்று, இதில் மட்டும் விளையாட்டில்லை: கரி அடுப்பையோ, பார்பிக்யூ முடிந்த கங்கையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளிர்ந்தால் கம்பளி, இல்லையென்றால் கரன்ட் ஹீட்டர். ஹீட்டரைக் கன்சோல் சொருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல் சுவரில் இருக்கிற 16 ஆம்ப் ப்ளக்கில் நேராக மாட்டுங்கள். விரல் விறைத்தால் கட்டைவிரல் மெதுவாகத்தான் நகரும், டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் சரியாகும்.

சனிக்கிழமை

காலையில் மஞ்சு விலகியிருக்கும், அந்த இரண்டு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மதியம் மழையோ மஞ்சோ வந்ததும் கேம். ஆறு பேர், எல்லாரும் எல்லாருடனும் ஒருமுறை மோதினால் 15 ஆட்டம். கால்பந்தில் பாதிக்கு நாலு நிமிடம் வைத்தால் இடைவெளியும் வாய்ச்சண்டையும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடியும். சுவரில் பேப்பர் ஒட்டிப் பென்சிலில் எழுதுங்கள், போனில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆறரைக்கு நிறுத்திவிட்டு ஏழு மணிக்குப் பெரிய படம். இடைவேளை விடுங்கள், தியேட்டர் மாதிரியே, பதினைந்து நிமிடம். பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கும் என் பள்ளித் தோழனின் அம்மா அனுப்பும் அவரைக் குழம்பு எங்களுக்கு அந்த நேரத்தில் வந்துவிடும். உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லையென்றால் ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள், மலைப்பாதையில் ராத்திரி டெலிவரி வரும் என்று காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது படம் ராத்திரி பத்துக்கு மேல். பாதிப் பேர் தூங்குவார்கள், எழுப்பாதீர்கள்.

ஞாயிறு

பதினொரு மணிக்குப் பிரித்துக் கட்ட ஆரம்பியுங்கள். கன்சோல் சூடு ஆறிய பிறகு உலர்ந்த துணியில் சுற்றிப் பையில் வையுங்கள், ஈரக் கம்பளியோடு சேர்த்துத் திணித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை வாசனை வரும். சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு உள்ளே போடுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

வரும்போது எடுத்து வந்த சாமான்களை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதைப் பார்த்து எண்ணிவிடலாம்: கேபிள், கன்ட்ரோலர், சார்ஜர், இணைப்பான். நம்முடையது எல்லாம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நம்முடையதல்லாதது ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். போன வருடம் வீட்டுக்காரரின் டிவி ரிமோட் எங்கள் கம்பளிச் சுருட்டுக்குள் காந்திபுரம் வரை வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை கோத்தகிரி பஸ் கண்டக்டர் அண்ணனிடம் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். பேட்டரி இரண்டையும் புதிதாகப் போட்டுத்தான்.